முதலில் ரேட்டைச் சொல்லுங்கள்

திருப்பூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கம்பெனி கேட்டில் ஒரு போர்டு தொங்கும். "டெய்லர், செக்கிங், பேக்கிங், கைமடிக்க ஆட்கள் தேவை." இப்போது சில இடங்களில் இந்தியிலும் எழுதியிருக்கிறார்கள். வருஷம் முழுக்கக் கழற்றாத போர்டு அது.

சின்ன பனியன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளைச் செய்து கொடுப்பது என் தொழில். "ஆளே சிக்கறதில்லைங்க" என்று ஓனர்கள் சொல்லாத வாரம் கிடையாது. ஆனால் சம்பளப் பட்டியலைப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு கதை. ஆள் வருகிறார்கள். ஒரு மாதம் பெயர் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. அந்த இடத்துக்கு இன்னொரு பெயர் வரும், அதுவும் போகும். அதே தெருவில், கிட்டத்தட்ட அதே கூலி கொடுக்கும் வேறொரு கம்பெனியில் பெயர்கள் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கின்றன.

போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டால், "பக்கத்துக் கம்பெனியில் ஐம்பது பைசா கூடக் கொடுக்கிறான்" என்பார்கள். ஐம்பது பைசாவுக்காகப் போகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை ஆளை அதிகமாக விரட்டுவது, சனிக்கிழமை கையில் எவ்வளவு வரும் என்றே தெரியாத நிலைதான்.

பீஸ் ரேட்டை, அதாவது தைக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் இவ்வளவு என்று கொடுக்கும் கூலியை, எடுத்துக்கொள்வோம். புது ஸ்டைல் ஒன்று லைனில், அதாவது தையல் மெஷின் வரிசையில், ஏறுகிறது. போலோ டி-ஷர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலர் வைக்க ஒரு ரேட், பிளாக்கெட் (கழுத்துக்குக் கீழே பட்டன் வைக்கும் பட்டி) தைக்க ஒரு ரேட், பக்கவாட்டை இணைக்கும் சைடு ஓவர்லாக்குக்கு ஒன்று, கீழ் விளிம்பை மடித்துத் தைக்கும் பாட்டம் பிளாட்லாக்குக்கு ஒன்று. "ரேட் என்னங்க?" என்று டெய்லர் கேட்கிறார். "முதல்ல ஓட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார் சூப்பர்வைசர். திங்கள் முதல் சனி வரை ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறார்கள். பிளாக்கெட் கோணலானால் பிரித்துத் தைக்க வேண்டும், அதற்குக் காசு கிடையாது. துணி வழுக்கினால் அன்றைய எண்ணிக்கையே படுத்துவிடும். ஒவ்வொருவரும் மெஷின் டிராயரில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். பண்டல் (துணிக் கட்டு) நம்பர், சைஸ், எத்தனை பீஸ் என்று பேனாவால் வரிசையாக எழுதியிருக்கும். கம்பெனிக் கணக்கில் ஒரு பண்டல் விட்டுப்போனால் அவர்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்த நோட்டுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ரேட் தெரிகிறது. அவர்கள் மனதில் போட்டு வைத்த கணக்கைவிடக் குறைவாக இருக்கும். பெரும்பாலும் சண்டை வராது. "சரிங்க" என்று வாங்கிக்கொண்டு போவார்கள். திங்கட்கிழமை மெஷின் காலியாக இருக்கும்.

ரேட்டை முன்னாடியே சொல்ல முடியாதா? தாராளமாக முடியும். சாம்பிள் தைக்கும்போதே எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துத்தானே ஆர்டருக்கு விலை சொல்கிறோம்? எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் வெட்டிய துணி வந்து இறங்குவதற்கு முன்பே ஒயிட் போர்டில் ஆபரேஷன் வாரியாக ரேட் எழுதிவிடுகிறார்கள். முதல் நாள் மதியம் வரை யார் வேண்டுமானாலும் "இது கட்டாதுங்க" என்று சொல்லலாம். உட்கார்ந்து பேசி, நியாயமாக இருந்தால் மாற்றுவார்கள். அதற்குப் பிறகு ஏறாது, இறங்காது. அந்த ஓனர் இந்த ஊரிலேயே அதிகக் கூலி கொடுப்பவர் கிடையாது. ஆனால் அவர் கேட்டில் போர்டு தொங்கி நான் பார்த்ததில்லை.

மற்றவர்கள் நம்புவது அட்வான்ஸை. பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்துவிட்டால் ஆள் நின்றுவிடுவார் என்று கணக்கு. கடனுக்காக நிற்பவர் மெஷினில் உட்காருவார், அவ்வளவுதான், மனசு வேலையில் இருக்காது. அடுத்த கம்பெனி அந்தக் கடனைக் கட்டிவிட்டுக் கூட்டிப் போய்விடும். அட்வான்ஸைக் காட்டி ஒருவரை வேறு இடத்துக்குப் போகவிடாமல் தடுத்தால், அது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம் என்பதை ஓனர்கள் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும்.

பி.எஃப். விஷயத்திலும் இப்படித்தான். 12 சதவீதம் பிடிக்கிறோம், அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். முன்பெல்லாம் கட்டினோமா இல்லையா என்று தொழிலாளிக்குத் தெரியாது. இப்போது போனிலேயே பாஸ்புக் பார்க்கிறார்கள். பிடித்த பணம் ஏறவில்லை என்றால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் லைன் முழுக்கப் பேச்சாகிவிடும். அதற்கு மேல் அந்த ஓனர் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

பெண்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் விசாரிப்பது கழிப்பறை எப்படி, வேன் எத்தனை மணிக்கு வீட்டில் விடும், சூப்பர்வைசரின் வாய் எப்படி என்பதைத்தான். கெட்ட வார்த்தை பேசும் ஒரு சூப்பர்வைசரால் ஒரு லைனே கலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். உற்பத்தியை எடுத்துக் கொடுக்கிறார் என்று அவரைத்தான் ஓனர் வைத்துக்கொண்டார்.

ஓனர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுக்கு எக்ஸ்போர்ட்டரிடமிருந்து பணம் வர மூன்று மாதம்கூட ஆகிறது. 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தும், அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று யாரும் வாய் திறப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் நின்று பலர் தவித்தார்கள். அப்போதும், "இந்த வாரம் மூன்று நாள்தான் வேலை இருக்கும்" என்று முன்கூட்டியே சொன்ன கம்பெனிகளில் ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லாமல் காலையில் கேட்டில் வைத்துத் திருப்பி அனுப்பிய இடங்களிலிருந்துதான் போனார்கள்.

அப்புறம் போனஸ். குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அது அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம். ஆனால் சீக்கிரம் கொடுத்தால் ஊருக்கு ஓடிவிடுவார்கள் என்று தீபாவளிக்கு முந்தைய நாள் ராத்திரி வரை இழுக்கிறோம். பிள்ளைக்குச் சட்டை எடுக்க அந்த நேரத்தில் குமரன் ரோட்டில் முண்டியடிக்க வேண்டும். தேனிக்கும் மதுரைக்கும் போகும் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. அந்த எரிச்சலோடு ஊருக்குப் போகிறவர் திரும்பி வரும்போது வேறு கம்பெனியின் கேட்டில் நிற்கிறார். நான் கணக்குப் பார்க்கும் இடங்களில், பத்து நாள் முன்னாடியே போனஸ் போடுகிறவர்களின் லைன்தான் தீபாவளி முடிந்து சீக்கிரம் நிறைகிறது. இந்த வருஷம் போனஸ் தேதியை இப்போதே நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடச் சொல்லி எல்லா ஓனர்களிடமும் கேட்டிருக்கிறேன். சிலர் சரி என்றிருக்கிறார்கள். மற்றவர்களிடம் அடுத்த மாதம் மறுபடி பேசுவேன்.