படம் தெரிகிறது, டச் மட்டும் இல்லை

அம்மாவின் கைபேசித் திரை நொறுங்கியபோது சர்வீஸ் சென்டரில் 6,500 ரூபாய் கேட்டார்கள். ஃபோனின் விலையே 11,000 ரூபாய்தான் என்பதால், சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் 1,900 ரூபாய்க்கு ஒரு டிஸ்ப்ளே காம்போ (திரையும் டச் கண்ணாடியும் சேர்ந்தது) வாங்கி வந்து நானே மாற்றினேன். படம் பளிச்சென்று வந்தது. விரல் வைத்தால் எந்த அசைவும் இல்லை.

கைத்தவறு என்னுடையதாக இருக்கும் என்றே முதலில் நினைத்தேன். பின்மூடியை மறுபடி சூடுகாட்டித் திறந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திரையை ஃபோனின் மெயின் போர்டோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் கேபிளின் கனெக்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட தூரிகையால் துடைத்து, உலரவிட்டு, இரு பக்கமும் சமமாகப் பதியும்வரை அழுத்தினேன். கேபிளில் மடிப்பு இல்லை, பின்கள் வளையவில்லை. இப்படி நான்கு முறை செய்தேன். ஓடிஜி அடாப்டர் வழியாகச் சார்ஜர் துளையில் மவுஸைச் செருகியதும் அம்புக்குறி தடையின்றி நகர்ந்து, பூட்டும் திறந்தது. ஆகவே ஃபோன் உறைந்துபோகவில்லை. கடைசியில் நொறுங்கிய பழைய திரையையே திரும்ப மாட்டினேன். அதில் டச் வேலை செய்தது! போர்டிலும் பழுதில்லை, நான் மாட்டிய விதத்திலும் பிழையில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கடைக்காரரோ, மேலே ஒட்டியிருந்த ஃபிலிமை உரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்றார். பிறகு சாவகாசமாக, அந்த மாடலில் இரண்டு வகை டச் ஐசி (தொடுதலை உணரும் சிப்) உண்டு, உங்களுடையது வேறு வகையாக இருக்கலாம் என்றார். காசு வாங்கும்போது இதைச் சொல்ல வாய் வரவில்லையா? விரல் பட்டதும் மாறும் மின்தேக்கத்தை அளந்து சொல்வதே அந்த ஐசிதான். அதை இயக்கும் நிரலான டிரைவர் ஃபோனின் மென்பொருளில் இல்லாவிட்டால் எத்தனை முறை கனெக்டரைத் துடைத்தாலும் டச் வராது. இரண்டு இரவுகள் நான் துடைத்தது அத்தனையும் வீண்.

கடைக்காரரைவிட ஃபோன் தயாரிப்பாளர்கள் மீதுதான் எனக்கு ஆத்திரம் அதிகம். எந்தத் தொகுப்பில் எந்த ஐசி வைத்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை வாங்கியவருக்குச் சொல்வதில்லை, உதிரிபாகத்தையும் பெரும்பாலும் நேராக விற்பதில்லை. 2018இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11.3 வந்தபோது, வெளியில் திரை மாற்றிய சில ஐபோன் 8 கருவிகளில் டச் செத்துப்போனது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆப்பிள் 11.3.1ஐ வெளியிட்டு அதைச் சரிசெய்தது. மென்பொருளால் நின்ற டச்சை மென்பொருளாலேயே மீட்க முடிந்தது என்றால், மலிவு ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஏன் அந்த வழி இல்லை? குறைந்தபட்சம் ஐசியின் பெயரையாவது செட்டிங்ஸில் ஒரு வரியாகக் காட்டக் கூடாதா?

அம்மா இன்னும் பழைய திரையில்தான், கண்ணாடித் துகள் விரலில் ஏறாமலிருக்க மேலே செல்லோ டேப் ஒட்டி, அக்காவை அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.