பேன் பார்க்கிறாயா, முள் எண்ணுகிறாயா?

(பண்ருட்டி சாலையோரம். பலாப்பழக் குவியலுக்குப் பக்கத்தில் ஆயா உட்கார்ந்திருக்கிறார். ஒரு சிறுவன் பழத்தின் காம்பருகே விரல் வைத்து முணுமுணுக்கிறான்.)

ஆயா: என்னடா தம்பி, பழத்துக்குப் பேன் பார்க்கிறாயா?

சிறுவன்: முள் எண்ணுகிறேன் ஆயா, குறுக்கே பேசாதீங்க. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு!

ஆயா: எண்ணி?

சிறுவன்: காம்பைச் சுற்றியுள்ள சின்ன முள்ளை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்தால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும். கணக்கதிகாரம் என்ற பழைய நூலில் இது பாட்டாகவே இருக்கிறது. 100 முள் என்றால் 600. அதை ஐந்தால் வகுத்தால் 120 சுளை!

ஆயா: அதோ, காம்புக்கு அடியில் ஒன்று ஒளிந்திருக்கிறதே. அதை விட்டுவிட்டாய்.

சிறுவன்: அட, ஆமாம். அப்போ 101. பெருக்கினால் 606, வகுத்தால் 121... மீதி ஒன்று. நூற்று இருபத்தொன்றே ஐந்தில் ஒன்று.

ஆயா: ஐந்தில் ஒரு சுளையா? உள்ளே போய் யார் கடித்து வைத்தது?

சிறுவன்: அது... தோராயக் கணக்கு ஆயா. வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆயா: தாராளமாக. முன்னூறு ரூபாய் எடு.

சிறுவன்: நான் வாங்க வரவில்லை, சோதிக்க வந்தேன்.

ஆயா: வெட்டாமல் சோதிக்க முடியாது. வெட்டினால் பழம் உன் தலையில். இதற்கு உன் பாட்டில் வழி இருக்கிறதா?

சிறுவன்: (சட்டைப்பையைத் தடவி) இருபது ரூபாய்தான் இருக்கிறது.

ஆயா: சரி, என் கணக்குக்குப் பதில் சொல், பத்து சுளை இனாம். ஒரு வியாபாரியின் 40 கிலோ எடைக்கல் கீழே விழுந்து நாலு துண்டானது. அந்த நாலை வைத்தே 1 கிலோவிலிருந்து 40 கிலோ வரை ஒவ்வொரு முழுக் கிலோவையும் நிறுத்தான். துண்டுகள் எவ்வளவு எவ்வளவு?

சிறுவன்: ப்பூ! 1, 2, 4, 8.

ஆயா: கூட்டு.

சிறுவன்: பதினைந்து...

ஆயா: மீதி 25 கிலோ காற்றில் பறந்துவிட்டதா?

சிறுவன்: 2 கிலோ நிறுக்க 2 கிலோ கல் வேண்டாமா?

ஆயா: தராசுக்கு எத்தனை தட்டு?

சிறுவன்: இரண்டு.

ஆயா: கல் ஒரு தட்டில்தான் உட்கார வேண்டும் என்று சட்டமா?

சிறுவன்: (தலையைச் சொறிந்து, திடீரென்று) ஓ! ஒரு தட்டில் 3 கிலோ கல். மறு தட்டில் பழமும் 1 கிலோ கல்லும். பழம் 2 கிலோ! அப்போ 1, 3 இருந்தால் 4 வரை நிறுக்கலாம். அடுத்து 5... 9 கிலோ கல்லுக்கு எதிரே பழத்தோடு அந்த 1, 3 இரண்டையும் வைத்தால் போதும். இப்போது 13 வரை ஆயிற்று. 14-க்கு? 27-இல் 13 போனால் 14!

ஆயா: இப்போது கூட்டு.

சிறுவன்: 1, 3, 9, 27... நாற்பது! ஆயா, நாற்பது!

ஆயா: கத்தாதே, வருகிற வியாபாரம் ஓடிவிடும்.

சிறுவன்: நீங்களும் இப்படித்தான் நிறுப்பீங்களா?

ஆயா: எனக்கென்ன பைத்தியமா? பழத்துப் பக்கம் கல்லை வைத்தால் எடையில் திருடுகிறாள் என்று ஊரைக் கூட்டிவிடுவார்கள். அதோ பார், எலெக்ட்ரானிக் தராசு.

சிறுவன்: அதெல்லாம் இருக்கட்டும். என் பத்து சுளை?

(ஆயா ஏற்கெனவே வெட்டி வைத்த பழத்திலிருந்து எடுத்து இலையில் வைக்கிறார்.)

சிறுவன்: ஒன்பதுதான் இருக்கிறது!

ஆயா: நீ விட்ட முள்ளைக் காட்டியது யார்? அதற்குக் கூலி ஒரு சுளை.

சிறுவன்: ஒரு முள்ளுக்கு ஒரு சுளை இல்லை ஆயா. பாட்டுப்படி ஒன்றே ஐந்தில் ஒன்று...

ஆயா: அப்படியா? அப்போ நீதான் எனக்குப் பாக்கி. அந்த ஐந்தில் ஒன்றை நானே கடித்துக்கொள்கிறேன், இலையைக் கொடு!