மாநில எல்லையோடு முடிந்துபோகும் பாதுகாப்பு

2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 1973 முதல் நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்த கருக்கலைப்பு உரிமையை நீக்கி, முடிவை அந்தந்த மாநிலங்களிடம் விட்டது. தடை விதித்த மாநிலங்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரையும் அதைப் பெறும் பெண்ணையும் காப்பதற்கென்று வேறு சில மாநிலங்கள் இயற்றிய சட்டங்களைப் பற்றித் தமிழில் அதிகம் படித்ததில்லை. கேடயச் சட்டங்கள் என்று அழைக்கப்படும் இவற்றை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் மருத்துவரைக் காக்கும் அளவுக்கு அவை அந்தப் பெண்ணைக் காக்கவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

டாப்ஸ் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2022 மே மாதத்தில், கனெக்டிகட் இந்த வழியில் முதலில் இறங்கியது. அங்கே சட்டப்படி நடந்த ஒரு சிகிச்சைக்காக வேறொரு மாநிலம் வழக்குத் தொடுத்தால், கனெக்டிகட்டின் அரசு அமைப்புகள் அந்த விசாரணைக்கு உதவக் கூடாது. வெளிமாநிலத் தீர்ப்பால் இழப்புக்கு ஆளானவர், வழக்குத் தொடுத்தவர் மீதே எதிர்வழக்குப் போட்டு அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கலாம். பிற மாநிலங்கள் இதைப் பின்பற்றியபோது, மருத்துவரின் உரிமத்துக்கும் தொழில்முறைக் காப்பீட்டுக்கும் பாதிப்பு வராதபடி கூடுதல் பிரிவுகளைச் சேர்த்தன.

பெரிய திருப்பம் மாசசூசெட்ஸில் வந்தது. நோயாளி எந்த மாநிலத்தில் இருந்தாலும், இணையம் அல்லது தொலைபேசி வழியாக ஆலோசனை தந்து மாத்திரை அனுப்பும் தன் மருத்துவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று 2022 ஜூலையில் அது சட்டம் இயற்றியது. 2023இல் நியூயார்க்கும் அதே வழியில் சென்றது. கருக்கலைப்புக்கான மைஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே அனுமதி அளித்துவிட்டது. நேரில் வந்துதான் வாங்க வேண்டும் என்ற விதியும் பின்னாளில் நீக்கப்பட்டது. இவ்வளவும் சேர்ந்ததால்தான், தடை உள்ள ஊரில் வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வெளியூர் செல்ல வழியில்லாத ஒரு பெண்ணுக்குத் தபாலில் மருந்து கிடைக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு உண்மையான சோதனை நியூயார்க்கில்தான் நடந்தது. டெக்சாஸில் வசிக்கும் பெண்ணுக்கு மாத்திரை அனுப்பியதாக நியூயார்க் மருத்துவர் ஒருவர் மீது டெக்சாஸ் அரசு 2024 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2025 பிப்ரவரியில் டெக்சாஸ் நீதிபதி 1,00,000 டாலருக்கும் அதிகமாக அபராதம் விதித்தார். அந்தத் தீர்ப்பைத் தன் அலுவலகத்தில் பதிவுசெய்ய நியூயார்க்கின் அல்ஸ்டர் கவுன்டி எழுத்தர் மறுத்துவிட்டார். இதற்கிடையில் அதே மருத்துவர் மீது லூசியானா குற்றவியல் வழக்குப் போட்டு அவரை ஒப்படைக்கக் கேட்டபோது, நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்குல் கையெழுத்திட முடியாது என்று வெளிப்படையாக அறிவித்தார். குற்றம் செய்துவிட்டுத் தப்பி ஓடியவரை ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் அமெரிக்க அரசமைப்பின் விதி. லூசியானாவில் கால் வைக்காமல் தன் மாநிலத்தில் இருந்தபடியே மருந்து எழுதித் தந்தவர் எங்கிருந்து தப்பி ஓடினார் என்ற கேள்வியில் நியூயார்க்கின் வாதம் நிற்கிறது. மருந்தின் மேல் ஒட்டும் சீட்டில் மருத்துவரின் பெயருக்குப் பதிலாக மருத்துவமனையின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் அதே பிப்ரவரியில் நியூயார்க் சட்டம் கொண்டுவந்தது. சின்னத் திருத்தம்தான், ஆனால் நாள்தோறும் மருந்து எழுதுகிறவர்களின் அச்சத்தை உணர்ந்து செய்யப்பட்ட திருத்தம் என்று நினைக்கிறேன்.

அதே லூசியானா வழக்கில் இன்னொருவர் மீதும் குற்றச்சாட்டு உண்டு: மாத்திரையைப் பெற்று மகளுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தாய். மகளின் விருப்பத்துக்கு மாறாக அவர் நடந்துகொண்டார் என்கிறது அரசுத் தரப்பு; அது உண்மையா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் மருத்துவருக்கு நியூயார்க் அரசே துணை நின்றபோது, லூசியானாவில் இருந்தவரிடம் எந்தக் கேடயமும் எட்டவில்லை என்பதில் சந்தேகமே இல்லை.

தடைச் சட்டங்களில் பெரும்பாலானவை கர்ப்பிணிக்குத் தண்டனை இல்லை என்றே சொல்கின்றன. இருந்தும் விசாரணை அவளைத் தொடராமல் இருப்பதில்லை. நெப்ராஸ்காவில் ஒரு தாயும் மகளும் ஃபேஸ்புக்கில் பரிமாறிக்கொண்ட செய்திகளைக் காவல்துறை 2022இல் பிடியாணை மூலம் பெற்றது. இருவரும் சிறை சென்றார்கள். 2025 மே மாதத்தில், கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு பெண்ணைத் தேடி டெக்சாஸ் காவல்துறையினர் நாடு முழுவதும் உள்ள 80,000க்கும் மேற்பட்ட வாகன எண் கேமராக்களின் பதிவுகளைத் துழாவினார்கள். அவளுடைய நலனுக்காகவே தேடினோம் என்று அவர்கள் விளக்கம் தந்தார்கள். அந்தக் கேமராக்களில் இல்லினாய் மாநிலத்தில் உள்ளவையும் அடக்கம். இத்தகைய தேடலுக்குப் பதிவுகளைப் பகிரக் கூடாது என்று இல்லினாய் ஏற்கெனவே சட்டம் போட்டிருந்தது. மருத்துவக் குறிப்புகளின் இரகசியத்தைக் காக்க 2024இல் வந்த மத்திய அரசு விதியையும் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிபதி ஒருவர் 2025 ஜூனில் இரத்து செய்துவிட்டார்.

டாலஸிலும் ஹூஸ்டனிலும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. 1971 முதல் மருத்துவர் மூலமான கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தரும் நாட்டில் வளர்ந்து, கணவரின் வேலையைச் சார்ந்த விசாவில் அங்கே சென்ற ஒரு பெண், காவல்துறையின் ஒரு தொலைபேசி அழைப்புக்கே எவ்வளவு நடுங்குவாள் என்பதை நம்மில் பலர் ஊகிக்க முடியும். அவள் மீது வழக்கு வராமலே போகலாம். ஆனால் அந்த அச்சமே அவளைச் சரியான நேரத்தில் மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கும்.

எனவே கேடயச் சட்டம் உள்ள மாநிலங்கள் அடுத்துச் செய்ய வேண்டியது தகவல்களைக் காப்பதுதான். உடல்நலத் தகவல்களை நிறுவனங்கள் சேகரிப்பதற்கும் விற்பதற்கும் ஒப்புதலைக் கட்டாயமாக்கி 2023இல் வாஷிங்டன் மாநிலம் இயற்றிய சட்டம் ஒரு நல்ல தொடக்கம். மருத்துவமனைப் பதிவுகளும் வாகன எண் பதிவுகளும் மாநில எல்லையைத் தாண்டுமுன், எதற்காகக் கேட்கிறார்கள் என்று விசாரித்து மறுக்கும் பொறுப்பு ஓர் அதிகாரியிடம் இருக்க வேண்டும். இல்லினாயில் நடந்ததுபோல், பதிவுகள் கைமாறிய பிறகு விசாரணைக்கு உத்தரவிடுவதால் அந்தப் பெண்ணுக்கு எந்தப் பயனும் இல்லை.