கண்காட்சிக்குப் போய் எதை வாங்குவது?

டெக்சாஸில் துப்பாக்கிக் கண்காட்சி என்றால் முன்பெல்லாம் துப்பாக்கி இருந்தது. இப்போது வண்டி நிறுத்தப் பணம், நுழையப் பணம் என்று அழுதுவிட்டு உள்ளே போனால் முதல் மேசையில் மாட்டிறைச்சி வற்றல். அடுத்த மேசையில் வாசகம் அச்சடித்த பனியன். அதற்கடுத்து வெள்ளி நகை, மெழுகுவர்த்தி, முதுகு பிடித்துவிடும் கருவி! துப்பாக்கி எங்கே ஐயா?

தேடிப்பிடித்தால் விலை தலையைச் சுற்ற வைக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் பழைய ரஷ்ய மோசின்-நாகாந்த் ரைபிள் 100 டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. இன்று அதற்குப் பல மடங்கு கேட்கிறார்கள். அதுவும் எப்படிப்பட்டது? குழலுக்குள் துரு, கட்டையில் நகம் நுழையும் விரிசல், குழலில் ஓர் எண், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டில் வேறோர் எண். மேலே 'அபூர்வம்' என்று சீட்டு வேறு. ஒரே துப்பாக்கியின் பாகங்களில் எண் ஏன் பொருந்தவில்லை என்று கேட்டால் முறைக்கிறார்கள்.

தோட்டாவாவது மலிவா? .22 என்ற சிறு ரகத் தோட்டாப் பெட்டி ஊர்க்கடையிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. கண்காட்சியிலும் உரிமம் பெற்ற வியாபாரியிடம் துப்பாக்கி வாங்கினால், கடையில் நிரப்பும் அதே 4473 என்ற அரசுப் படிவம், அதே பின்னணிச் சோதனை. இணையத்தில் வாங்கி உள்ளூர் உரிமக் கடைக்கு வரவழைத்தால், அவர்கள் வாங்கும் கட்டணத்தைச் சேர்த்தாலும் செலவு குறைவு. பிறகு எதற்கு இந்த நெரிசலில் இடிபட வேண்டும்?

பேரம் பேசலாம் என்றுதான் போகிறோம். வாயைத் திறந்ததுமே கைப்பேசியை நீட்டி, "இணையத்தில் இதைவிட அதிகம்" என்கிறார்கள். அப்படியானால் அங்கேயே விற்றுக்கொள்ள வேண்டியதுதானே!