ஏரிக்கு நடுவில் ஸ்பீக்கர் எதற்கு?

கொடைக்கானல் ஏரியில் நிம்மதியாக ஒரு மணி நேரம் துடுப்புப் போட முடியவில்லை. யாராவது ஒருவர் ப்ளூடூத் ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கே பாட்டுப் போட்டுவிடுகிறார். தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும்போது சத்தம் மேலே போகாமல் கீழேயே வளைந்து வெகுதூரம் ஓடும். அந்தக் கரையில் அடிக்கிற குத்துப்பாட்டு இங்கே காதுக்குள் கேட்கிறது. நட்சத்திரம் மாதிரி கிளைவிட்ட ஏரிதானே, ஏதாவது ஒரு மூலைக்கு ஒதுங்கலாம் என்று போனால், அங்கே வேறொரு பாட்டு!

கூட்டமாகப் போவது நல்ல விஷயம்தான். நாங்களும் அக்கம்பக்கத்து வீட்டாரோடு சேர்ந்துதான் போனோம். ஆனால் மிதிபடகில் வருகிறவர்கள் வேண்டுமென்றே வந்து இடிப்பது என்ன விளையாட்டு? எங்களோடு வந்த பாட்டி பயத்தில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விரல் நசுங்கியிருந்தால்? அப்புறம் இந்த செல்ஃபி. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிக் காலடியில் போட்டுவிட்டு, ஆடுகிற படகில் எழுந்து நிற்கிறார்கள். "தம்பி, உட்காருப்பா" என்று சொன்னால் முறைப்பு வேறு.

1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை கரை கட்டி உருவாக்கிய ஏரி இது. இத்தனை வருஷம் கழித்தும் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் சிப்ஸ் பாக்கெட்டை வீச எப்படித்தான் மனசு வருகிறதோ! பாட்டு வேண்டுமா, ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். குப்பையைப் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.