ஓலே-ஓலே எங்கே?

ஜகார்த்தாவில் வேலை பார்த்தபோது, யாராவது ஊருக்குக் கிளம்பினால் அலுவலகமே சேர்ந்து சொல்லும்: "ஜாங்ஙான் லூபா ஓலே-ஓலே யா!" ஊர் போய்த் திரும்புகிறவர் மற்றவர்களுக்கு வாங்கி வரும் பண்டம்தான் ஓலே-ஓலே; அதை வாங்கி வர மறந்துடாதே என்று. இப்படி வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்று நேற்று ஒரு நண்பர் சொன்னார். அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஓலே-ஓலே நமக்கு நாமே வாங்கி அலமாரியில் வைக்கும் நினைவுப்பொருள் இல்லை. அது பிறருக்கு. பெரும்பாலும் தின்பண்டம். போன ஊரின் பண்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. யோக்யகார்த்தா போனால் பச்சைப்பயறுப் பூரணம் வைத்த பக்பியா. சீனர்கள் கொண்டுவந்த பலகாரம் அது. பாத்தோக் பகுதியில் 25, 75 என்று வீட்டு எண்ணே கடைக்குப் பெயராகிவிட்டது. மேடானிலிருந்து பீகா அம்போன்: பெயரில் அம்போன் தீவு இருந்தாலும் ஊர் மேடான்தான். மஞ்சளாக, வெட்டினால் தேன்கூடு மாதிரி துளைதுளையாக இருக்கும். பலெம்பாங்கிலிருந்து பெம்பெக். மீனும் சவ்வரிசி மாவும் பிசைந்து செய்வது. வழியில் ஒட்டாமலிருக்க மாவு தூவிக் கட்டித் தருவார்கள். தொட்டுக்கொள்ள, புளிப்பும் காரமுமான சூக்கோ சாறு தனிப் பொட்டலத்தில்.

முதல் தடவை சென்னை போய்த் திரும்பியபோது விமான நிலையத்தில் சாக்லேட் வாங்கிப் போனேன். எல்லோரும் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மேசை அக்கா மட்டும், "உங்க ஊர்ல என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். அடுத்த முறை அம்மா சுட்ட கைமுறுக்கு போனது. டப்பாவைத் திறந்து மேசை மேசையாக நகர்த்தினார்கள். ஆளுக்குப் பாதி வந்தாலும் போதும். துப்புரவு செய்பவர், காவலாளி உட்பட எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

சரி, இதில் சுமையே இல்லையா? இருக்கிறது. "இந்தக் காலணி, இந்த அளவு, வாங்கிட்டு வா" என்று பட்டியல் கொடுப்பார்கள். அதற்கு வேறு பெயர், தீத்திப். அதைக் கூலிக்குச் செய்துதரும் ஜஸ்தீப் தொழிலே இருக்கிறது. அந்தக் கோபத்தை ஓலே-ஓலே மீது காட்டுவது நியாயமே இல்லை.

இப்போது பெம்பெக்கை ஜகார்த்தாவிலேயே செயலியில் வரவழைக்கலாம். அப்படியும் ரம்ஜானுக்கு ஊர் போய் வருகிறவர்கள் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, ரயிலில் இரவெல்லாம் காலடியில் வைத்துக் காத்து எடுத்து வருகிறார்கள். இந்தோனேசிய மொழியில் இதற்கு இன்னொரு பெயரும் உண்டு: புவா தாங்ஙான். கையின் கனி.