கொரியாவில் இங்கிலீஷ் வாத்தியார் உத்தியோகம்

போன வாரம் இங்குள்ள நம்ம ஆட்கள் குழுவில் ஒருத்தர் எழுதியிருந்தார், சரியான நாட்டு பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தால் போதும், கொரியாவில் ஏபிசிடி சொல்லிக்கொடுத்தே ராஜா மாதிரி வாழலாம் என்று. நான் இங்கே தேஜோன் நகரத்துக்கு ஆராய்ச்சி வேலைக்கு வந்து ஆறு வருடமாகிறது. அதில் நாலு வருடமாகப் பக்கத்து அறைக்காரர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இங்கிலீஷ் வாத்தியார். அந்த ராஜ்ஜியத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

ஒரே அறை. கட்டிலிலிருந்து கை நீட்டினால் அடுப்பு, அடுப்புக்குக் கீழே வாஷிங் மெஷின், ஷவரைத் திறந்தால் டாய்லெட் பேப்பரும் சேர்ந்து குளிக்கும். ஆனால் வாடகை அவர் பாடம் எடுக்கும் டியூஷன் சென்டர் கணக்கு. இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நாமாக வீடு பிடிக்கப் போனால் வாடகை போக முன்பணமே 50 லட்சம், ஒரு கோடி வொன் என்று கேட்பார்கள். நான் கொடுத்திருக்கிறேன், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சம்பளத்துக்கு வருவோம். அவர் 2008இல் வந்தபோது மாதம் 21 லட்சம் வொன். போன வருடம், 2025இல், அவர் இப்போது இருக்கும் சென்டரில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு 23 லட்சம். நம்ம காசுக்கு ஒன்றரை லட்சத்தை நெருங்குகிறதே என்று உடனே வாயைப் பிளக்க வேண்டாம். 2008இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3,770 வொன், 2025இல் அது 10,030. முழுநேர வேலை என்றால் அந்த வருடம் மாதத்துக்கு 20,96,270 வொன் சட்டப்படியே வந்துவிட்டது. அதாவது தெருமுனைக் கடையில் கல்லாவில் நிற்கிற பையனும் டிகிரி முடித்துக் கடல் தாண்டி வந்த வாத்தியாரும் கிட்டத்தட்ட ஒரே தட்டில். அன்றைக்குப் பாதிச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு வாராவாரம் நண்பர்களோடு கறி சுட்டுச் சாப்பிட்டவர், இப்போது கடையில் ஆப்பிளை எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். நானும்தான்.

எனக்குப் பொறாமையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் மனைவி எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட்., திருச்சியில் எட்டு வருடம் டீச்சர். இங்கே டியூஷன் சென்டர்கள் எடுக்கும் ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். அவளுக்குக் கதவைச் சாத்திய அந்த விசா அவரையும் கட்டித்தான் போட்டிருக்கிறது. ஒப்பந்தத்துக்கு நடுவில் வேறு சென்டருக்கு மாற வேண்டுமென்றால் பழைய முதலாளி ரிலீஸ் லெட்டர் கொடுக்க வேண்டும். வேலை போனால் கூடவே வீடும் போகும். பென்ஷனில் பிடித்த பணம் அமெரிக்கர்களுக்கும் கனடாக்காரர்களுக்கும் ஊர் திரும்பும்போது மொத்தமாகக் கிடைக்கும், தென்னாப்பிரிக்கர்களுக்கு அந்தக் கணக்கே கிடையாது.

மிஞ்சுவது பணிக்கொடைதான். ஒரு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம், கொரியச் சட்டம் எல்லோருக்கும் கொடுப்பது. அதனாலேயே சில சென்டர்களில் பதினோராவது மாதம் வந்தால் திடீரென்று பாடம் சரியில்லை, பெற்றோர் புகார் என்று ஏதாவது கிளம்பும், வருடம் முடியும் முன்னாலேயே வேலை போகும். இவருக்கு இதற்கு முன்பு இருந்த சென்டரில் அப்படித்தான் நடந்தது, பத்து நாள் என் அறையில் பாய் போட்டுப் படுத்திருந்தார்.

இப்போதைய சென்டரில் மறுபடி பதினோராவது மாதம். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி தினமும் ஒரு எண்ணை அடித்து அடுத்ததை எழுதுகிறார். நேற்று சாம்பார் கொடுக்கப் போனபோது பார்த்தேன், 17.